ஆறாம் வார்டின் பூஜ்ஜியம்

சந்தேகப்படுவதற்காக எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். வேலையின் பெயர் தொற்றுத் தடுப்பு சிஸ்டர். யார் கை கழுவாமல் நோயாளியைத் தொட்டார்கள், யார் ஊசி பாக்கெட்டைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள், எந்த வார்டில் யாருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு காய்ச்சல் கண்டது, இதையெல்லாம் மோப்பம் பிடித்து எழுதுவதுதான் என் பிழைப்பு. முதுகுக்குப் பின்னால் என் பெயரே 'மோப்பம்'தான். முகத்துக்கு நேரே 'மேடம்'. நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே வார்டில் கை கழுவும் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

ஆறாம் வார்டு, எலும்பு முறிந்த பெண்களுக்கானது. பெரும்பாலும் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வயதானவர்கள். திங்கட்கிழமைதோறும் அவர்களுக்கு அறுவை சிகிச்சை நடக்கும். ஆபரேஷன் தியேட்டரிலேயே சிறுநீர்க் குழாயைப் போட்டு, பையையும் மாட்டி வார்டுக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி ஏறுவதற்கு ஒரு வழி திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். கிருமி நீக்கிய பாக்கெட், கிருமி நீக்கிய கையுறை என்று எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும் நாள் ஆக ஆக ஆபத்து கூடும். அதனால் எந்த வார்டிலும் மாதத்துக்கு இரண்டு மூன்று பேருக்குச் சிறுநீர்த் தொற்று வரத்தான் செய்யும். ஆறாம் வார்டில் போன வருஷம் மாதத்துக்கு நாலு பேர்.

இந்த வருஷம் நாலு மாதமாகப் பூஜ்ஜியம்.

மற்றவர்களுக்கு இது இனிப்பு வழங்க வேண்டிய விஷயம். எனக்குச் சந்தேகப்பட வேண்டிய விஷயம். ஒன்று குறைந்திருந்தால் நம்பியிருப்பேன், இரண்டு குறைந்திருந்தால் பாராட்டியிருப்பேன். நாலிலிருந்து பூஜ்ஜியம், அதுவும் நாலு மாதம் தொடர்ந்து என்றால், யாரோ என் காதில் பூச்சுற்றுகிறார்கள்.

கண்காணிப்பாளர் அம்மாவுக்கும் அதே எண்ணம்தான். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது. இந்த ஆறாம் வார்டு விஷயம் நிஜம்தானா?"

"விசாரிக்கிறேன் மேடம்."

"நல்லா விசாரிங்க. தொற்றை மறைச்சிருந்தாங்கன்னா அந்த வார்டு சிஸ்டரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான், வேற வழியில்ல. நாலு மாச அறிக்கையிலயும் கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு. அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க."

வார்டு சிஸ்டரை எல்லோரும் கொண்டை சிஸ்டர் என்பார்கள். உச்சந்தலையில் இறுக்கிக் கட்டிய கொண்டை, அதில் குறுக்கே ஒரு பேனா. இரண்டு பெண்களைத் தனி ஆளாக வளர்ப்பவர். இந்த வேலை போனால் அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனால் கிருமிக்கு அதெல்லாம் தெரியாதே, அதைத் தேடுகிறவள் மட்டும் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் லேபுக்குப் போனேன். அங்கே இருப்பவர் இருபது வருஷமாகச் சிறுநீரையும் சளியையும் பார்த்தே தலை நரைத்தவர்.

"ஆறாம் வார்டுல இருந்து சாம்பிள் வருதா, இல்ல அனுப்புறதையே நிறுத்திட்டாங்களா?"

"வருதே. சந்தேகம்னா உடனே அனுப்பிடுவாங்க. எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு."

"நோயாளியோடதுதானா? வேற யாரோடதாவது பிடிச்சு அனுப்புறாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம், உங்க வீட்டுல பாலை யாரு வாங்குறாங்க? நீங்களா? பாவம் அந்தப் பால்காரர்."

சிரிக்கட்டும். மறுநாளே வார்டில் போய் நின்று, என் கண் முன்னால் சாம்பிள் எடுக்கச் சொன்னேன். கொண்டை சிஸ்டர் கை கழுவினார், கையுறை மாட்டினார், குழாயில் அதற்கென்று உள்ள இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, ஊசியால் உறிஞ்சிக் கொடுத்தார். பைகளைப் பார்த்தேன். எல்லாம் கட்டிலின் கம்பியில், இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கின. குழாயும் பையும் சேரும் இடத்தில் முத்திரை உடையவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத வார்டை நான் பார்த்ததே கிடையாது. சந்தேகம் இன்னும் வலுத்தது.

பெரிய டாக்டரிடம் கேட்டேன். எலும்பு ஆபரேஷனில் அவர் கை வைத்தால் மறுபேச்சு கிடையாது. திங்கட்கிழமை வெட்டித் தைத்துவிட்டுப் போனால், வேறு ஆஸ்பத்திரிகளையெல்லாம் சுற்றிவிட்டு வெள்ளிக்கிழமைதான் வார்டைப் பார்க்க வருவார். அவர் நோயாளியின் குழாயை அவர் சொல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது. இளம் டாக்டர்கள் அதைக் கேட்கவே பயப்படுவார்கள். இது அவர் போட்ட சட்டம்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? என் தியேட்டர்ல போடற டியூப். கிருமிக்கு அங்க என்ன வேலை?" என்றார். இந்தப் பூஜ்ஜியத்தைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசப் போவதாகவும் சொன்னார்.

கடைசியில் சம்பவப் பதிவேட்டை எடுத்தேன். நோயாளி கீழே விழுந்தால், மருந்து மாறினால் எழுதும் தடித்த நோட்டு. அது என்னிடம் வராது, கண்காணிப்பாளர் அலுவலகத்து அலமாரியில் போய்த் தூங்கும். ஆறாம் வார்டின் பக்கங்களைப் புரட்டினேன். "நோயாளி குழாயைத் தானே பிடுங்கிக்கொண்டார்." அடுத்த வாரம், "நோயாளி குழாயைத் தானே பிடுங்கிக்கொண்டார்." நாலு மாதத்தில் முப்பத்தொரு பேர். எல்லோரும் பிடுங்கியது புதன்கிழமை, காலை ஆறிலிருந்து ஆறரைக்குள். எல்லாம் ஒரே கையெழுத்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தொரு கிழவிகள் சொல்லிவைத்தாற்போல் புதன்கிழமை விடிந்ததும் பிடுங்குகிறார்களாம். அதிலும் அந்தக் குழாய் சும்மா பிடுங்கினால் வருகிற சாமான் இல்லை. உள்முனையில் ஒரு சின்ன பலூன் இருக்கும். நழுவாமல் நிற்பதற்காக அதில் பத்து மில்லி தண்ணீரை ஏற்றி வைத்திருப்பார்கள். சிரிஞ்சைப் போட்டு அந்தத் தண்ணீரை உறிஞ்சாமல் இழுத்தால் ரத்தம் கொட்டும், வலியில் வார்டே அலறும். முப்பத்தொரு பேரில் ஒருவருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததாக எழுதவில்லை.

ஆக, எடுப்பது கொண்டை சிஸ்டர்தான். எதற்கு எடுக்கிறார்? என் வேலையை அறிந்தவர்களுக்கு அதற்கும் பதில் உண்டு. குழாய் இரண்டு நாளுக்கு மேல் உள்ளே இருந்து தொற்று வந்தால்தான் அது என் பட்டியலில் ஏறும். இரண்டாம் நாள் விடிந்ததுமே எடுத்துவிட்டால், பிறகு காய்ச்சல் வந்தாலும் ஏறாது. அடிப்பாவி, என் விதியை வைத்தே என்னை ஏமாற்றுகிறாளே என்று பல்லைக் கடித்தேன். காய்ச்சல் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். யாருக்கும் காய்ச்சலும் இல்லை. அந்த அட்டைகளை எழுதுவதும் அவர்தானே என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

நேரே போய்க் கேட்டேன். அவர் மருந்து டிரேயை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"வயசானவங்க மேடம். எரிச்சல் தாங்காம இழுத்துடறாங்க."

"பலூனோடயா?"

"சில பேருக்கு பலூன் தானா இறங்கிடும்."

"முப்பத்தொரு பேருக்குமா?"

டிரேயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பொய் சொல்கிறார் என்று தெரியும், கையும் களவுமாகப் பிடிக்க வழி தெரியவில்லை. காலையில் போய் நிற்கலாம் என்றால், நான் கீழ்த்தளத்தில் கால் வைக்கும்போதே வார்டுக்குத் தெரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்ப்பவர். அன்று சாயங்காலம் கை முழுக்க மையோடு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் பார்க்கிறேன் என்பதற்காக முழங்கை வரை இரண்டு முறை சோப்பு போட்டார்.

"இதுக்கா மண்டையை உடைச்சுக்கற? பாட்டிங்க பிடுங்குறாங்கன்னு அந்தம்மா எழுதியிருக்குல்ல, பாட்டிங்க கையைக் கட்டிப் போட்டுடு. அதுக்கப்புறமும் டியூப் வெளிய வந்தா கை யாரோடதுன்னு தெரிஞ்சிடும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது எவ்வளவு சரியான பொறி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை தயார். 'ஆறாம் வார்டில் நோயாளிகள் சிறுநீர்க் குழாயைப் பிடுங்கும் சம்பவங்கள் அதிகமாக உள்ளதால், குழாய் உள்ள நோயாளிகளின் இரு கைகளுக்கும் பஞ்சு வைத்த துணியுறை மாட்டி, நாடாவால் கட்டிலின் கம்பியோடு கட்டிவைக்க வேண்டும்.' படிப்பதற்கு நோயாளியின் நலனுக்கு எழுதியதுபோலவே இருந்தது. கண்காணிப்பாளர் அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பொறி என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்று ஆபரேஷன் முடிந்து மூன்று பேர் வார்டுக்கு வந்தார்கள். மயக்கம் தெளியட்டும் என்று காத்திருந்து, செவ்வாய்க்கிழமை காலை துணியுறைகளை நானே எடுத்துக்கொண்டு போனேன். கொண்டை சிஸ்டர் சுற்றறிக்கையைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"வேண்டாம் மேடம். இவங்க மூணு பேரும் நல்ல நினைவோட இருக்காங்க. பிடுங்க மாட்டாங்க."

"முப்பத்தொரு பேர் பிடுங்கியிருக்காங்களே. உங்க கையெழுத்துலயே இருக்கே."

அவர் முகம் வெளுத்தது. வாயைத் திறந்தார். இதோ சொல்லப் போகிறார் என்று என் மனம் துள்ளியது. அவர் சொல்லவில்லை. கொண்டையில் இருந்த பேனாவை எடுத்து, பார்த்துவிட்டதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, துணியுறைகளை வாங்கிக்கொண்டார்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த அன்றே வார்டு முழுக்க அவரைத் தபாலம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பொல்லாத வாய். உறையை மாட்டிக் கட்டும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, என்னை எங்க பார்சல் அனுப்பப் போறீங்க?"

"உங்க பாதுகாப்புக்குத்தான்மா. டியூப்பை இழுத்துடக் கூடாதுல்ல."

"முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தின கை இது. ஒரு தந்தியைக்கூடத் தப்பா அனுப்பினது இல்ல. இந்தக் குழாயை இழுத்து நான் என்னம்மா பண்ணப் போறேன்?"

கொண்டை சிஸ்டர் முடிச்சைத் தளர்த்திப் போட்டார். நான் இழுத்துப் பார்த்துவிட்டு, இறுக்கச் சொன்னேன்.

புதன்கிழமை காலை ஆறு மணி. யாரும் பிடுங்கவில்லை. ஏழு மணி, எட்டு மணி, பத்து மணி. மூன்று குழாய்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. நாலு மாதத்தில் முதல் தடவையாக ஆறாம் வார்டில் குழாய் இருக்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் இருந்தது. வெற்றி என் பக்கம். இனி அவர் எடுத்தால் மாட்டிக்கொள்வார், எடுக்காமல் விட்டால் இதுவரை எடுத்தது அவர்தான் என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் என் கையில்தான். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். தபாலம்மா உதட்டை நக்கிக்கொண்டு படுத்திருந்தார். தண்ணீர் பாட்டில் பக்கத்து மேசையில் நிறைந்தே இருந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?"

"கை இல்லாதவ எப்படிம்மா குடிக்கறது? கூப்பிடச் சொல்லியிருக்காங்க, கூப்பிட்டா வந்து கொடுக்குறாங்க. அதுக்காக எத்தனை தடவைதான் கூப்பிடறது? அந்தப் பொண்ணுங்களுக்கும் வேலை இருக்குல்ல."

நானே இரண்டு வாய் ஊற்றிக் கொடுத்தேன். பையில் இருந்த சிறுநீர் கொஞ்சம்தான், அடர்ந்த மஞ்சள். குழாய் போட்டவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அப்போதுதான் கிருமி தங்காமல் அடித்துக்கொண்டு போகும் என்று மாதாமாதம் புதுச் சிஸ்டர்களுக்கு வகுப்பு எடுப்பவள் நான். அதைப் பார்த்தேன். பார்த்தும், வெள்ளிக்கிழமை வரைதானே என்று நினைத்து இறங்கி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் லேப்காரர் போன் செய்தார்.

"மேடம், காலையில ஆறாம் வார்டுல இருந்து ஒரு சாம்பிள் அனுப்பியிருந்தாங்க. சீழ் அணு ஏராளமா இருக்கு. உங்க பூஜ்ஜியம் உடைஞ்சிருச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. போனை வைத்தபோது நான் புன்னகைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தாயா, குழாய் உள்ளே இருந்தால் தொற்று வருகிறது, ஆக அந்தப் பூஜ்ஜியம் பொய்தான் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மூன்று மாடி ஏறும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. மூன்றாவது மாடியில்தான், இப்போது நினைத்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்தேன். குழாய் உள்ளே இருந்தால் தொற்று வருகிறது. எடுத்துவிட்டால் வரவில்லை. அப்படியானால் அந்தக் காய்ச்சல் அட்டைகள் பொய் இல்லை. அந்தப் பூஜ்ஜியமும் பொய் இல்லை. அந்த நோட்டில் பொய் 'தானே' என்ற இரண்டு எழுத்து மட்டும்தான்.

 கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினேன்.

தபாலம்மா உதறிக்கொண்டிருந்தார். கட்டிலே ஆடியது. துணியுறைக்குள் இருந்த இரண்டு கைகளும் கம்பியில் டக் டக்கென்று மோதின. "பார்சல் கட்டியாச்சு, முத்திரை குத்தலை, முத்திரை குத்தலை" என்று பிதற்றினார். நூற்று மூன்று டிகிரி. மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்கம்மா கையை யாருங்க கட்டினது? எதுக்குங்க கட்டினீங்க?" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொண்டை சிஸ்டர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே முடிச்சுகளை அவிழ்த்தார். உறைகளைக் கழற்றினார். தபாலம்மாவின் மணிக்கட்டில் நாடா பதிந்த இடம் சிவந்து தடித்திருந்தது. திரையை இழுத்துவிட்டு, கை கழுவி, கையுறை மாட்டி, சிரிஞ்சால் பலூனின் தண்ணீரை உறிஞ்சிக் குழாயை மெதுவாக வெளியே எடுத்தார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. இளம் டாக்டரைக் கூப்பிட்டு மருந்து ஏற்ற ஏற்பாடு செய்தார். மற்ற இருவரின் கட்டுகளையும் அவிழ்த்து, அவர்களின் குழாய்களையும் எடுத்தார். எல்லாம் என் கண் முன்னால், பட்டப்பகலில்.

பிறகு கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிச் சம்பவப் பதிவேட்டை வரவழைத்து எழுதினார். 'தேவை இல்லாததால் மூன்று பேரின் குழாயையும் நான் எடுத்தேன். இதற்கு முன் எழுதிய முப்பத்தொன்றும் நான் எடுத்தவையே.' கையெழுத்துப் போட்டார்.

"ஏன் சிஸ்டர் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? டாக்டர் உத்தரவு இல்லாம எடுத்தேன்னு எழுதியிருப்பீங்க. அது உங்க வேலை." அவர் கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் உடையவில்லை. "போன வருஷம் மாசம் நாலு பேர் மேடம். ரெண்டாம் நாளே தேவை முடிஞ்சிடுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா உள்ள கிடக்குது. டாக்டருக்குப் போன் பண்ணா, 'வந்து பார்க்கறேன்'ங்கறார். கண்ணு முன்னாடி ஒவ்வொருத்தரும் காய்ச்சல்ல விழறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு புதன்கிழமை எடுத்துட்டேன். ஆறு மணி நேரத்துக்குள்ள தானா யூரின் போறாங்களான்னு பக்கத்துலயே இருந்து பார்த்தேன். போனாங்க. பெரிய டாக்டர் வந்து கேட்டப்போ, அவங்களே இழுத்துட்டாங்க சார்னேன். 'சரி விடு'ன்னுட்டுப் போயிட்டார். அப்படியே பழகிடுச்சு."

"செவ்வாய்க்கிழமை கட்டும்போதாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்." அவர் தபாலம்மாவின் பக்கம் திரும்பினார். "வேலை போயிடும்னு பயந்துட்டேன். மூணு நாள்தானே, தாண்டிடும்னு நினைச்சேன்."

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அவருக்குப் பயம் என்று ஒரு காரணமாவது இருந்தது.

"நோட்டைக் கொடுங்க" என்றேன். "நான் சொல்லித்தான் எடுத்தீங்கன்னு மாத்தி எழுதிடலாம். தொற்றுத் தடுப்புல இருந்து சொன்னாங்கன்னா யாரும் கேக்க மாட்டாங்க. முன்னாடி எடுத்ததுக்கும் அப்படியே..."

பத்தொன்பது வருஷ வேலையில் பதிவேட்டில் எழுத நான் முன்வந்த முதல் பொய் அது. அவர் நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம். நான் பொய் எழுதினதாலதான் இந்தம்மா கை கட்டுப்பட்டுக் கிடந்துது. இன்னொண்ணு எழுதி இன்னும் யாரைக் கட்டிப் போடறது?"

அந்த மகள் திரைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "கட்டச் சொன்னது யாருங்க?" என்று மறுபடியும் கேட்டாள். இப்போது என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்தான்மா" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ ஈரத்துணியை எடுத்து அம்மாவின் நெற்றியைத் துடைக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்து நோட்டைப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் வார்டே ஒடுங்கியது. "என் பேஷன்ட் மேல என்னைக் கேக்காம யாரு கை வெச்சது?" கொண்டை சிஸ்டர், "நான்தான் சார்" என்றார். நான் என் நாலு மாதக் கணக்கையும் பதிவேட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். முப்பத்தொரு பேரின் குழாயை எடுத்தார், ஒருவருக்கும் தொற்று இல்லை. இந்த வாரம் மூன்று பேருக்குப் புதன்கிழமை எடுக்கவில்லை, ஒருவர் ரத்தம் வரை கிருமி பரவித் தீவிர சிகிச்சைக்குப் போயிருக்கிறார். "அந்தப் பூஜ்ஜியம் உங்க தியேட்டரோடது இல்ல சார். இவங்களோடது" என்றேன். அவர் இரண்டு நோட்டுகளையும் முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். மாநாட்டுக்குப் போகவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கண்காணிப்பாளர் அம்மாவிடம் சுற்றறிக்கை பொறியாகப் போட்டது என்பதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பொறியா? நோயாளியை வச்சா?"

கொண்டை சிஸ்டருக்கு மெமோ கொடுத்து, வெளிநோயாளிகள் சீட்டு கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை, ஆனால் நோயாளியைத் தொடும் வேலை போய்விட்டது. எனக்கும் ஒரு மெமோ வந்தது. இரண்டு வாரம் கழித்துப் புது உத்தரவு ஒன்று எல்லா வார்டு சுவரிலும் ஒட்டப்பட்டது. இரண்டாம் நாள் காலை, தேவையில்லை என்றால் டாக்டருக்குக் காத்திராமல் வார்டு சிஸ்டரே குழாயை எடுக்கலாம். கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து. கொண்டை சிஸ்டர் அதைப் படித்தாரா என்று தெரியவில்லை. வெளிநோயாளிகள் பகுதியின் சுவரில் அதை ஒட்டவில்லை.

தபாலம்மா பிழைத்துக்கொண்டார். பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். சிறுநீரகம் கொஞ்சம் பழுதாகிவிட்டது, வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்ன சொல்வது என்று படிக்கட்டில் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரியிடம் ஏதோ சொல்லிக் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார், ஆனால் அந்த வாய் அப்படியே இருந்தது. மகள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நிற்பதைத் தபாலம்மா பார்த்தார். சிரிப்பு நின்றது. மடியில் கிடந்த இரண்டு கைகளையும் மெதுவாகப் போர்வைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.